ஓய்வின்றிக் கற்பதும் கல்வியா?

மலேசியாவில் சிறுவரை வேலைக்கு அமர்த்துவோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று 1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. வேலை செய்யும் சிறுவன் பள்ளியிலும் பயில்பவனாக இருந்தால், பள்ளியில் கழியும் நேரமும் வேலையில் கழியும் நேரமும் சேர்ந்து ஒரு நாளில் 7 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று அச்சட்டம் வரையறுக்கிறது. இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை அவனிடம் வேலை வாங்குதல் ஆகாது. தொடர்ந்து 3 மணி நேரம் உழைத்தவனுக்கு அரைமணி நேரமாவது ஓய்வு தரவேண்டும். ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் 14 மணி நேரம் அவனுக்கே உரியது. வாரத்தில் 6 நாளுக்கு மேல் அவனை வேலைக்கு அழைக்கவும் இயலாது.

இச்சட்டத்தை ஒரு பள்ளி மாணவனின் கால அட்டவணைக்கு அருகில் வைத்துப் பார்த்தல் நன்று. நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டில் பயிலும் சிறுவனை எடுத்துக்கொள்ளலாம். விடியுமுன் 5.30 மணிக்கு அவன் எழுப்பப்படுகிறான். பள்ளி வேன் பல வீடுகளைச் சுற்றி அவனை வகுப்பில் சேர்க்கும்போது மணி 7.30. பிற்பகல் 1.30 வரை பாடங்கள். பின்னர் 4 மணி வரை சிறப்பு வகுப்பு அல்லது புறப்பாட நடவடிக்கை. 4.30 முதல் 6.30 வரை பிரத்தியேக வகுப்பு. இரவு உணவை விழுங்கியதும் மிருதங்க வகுப்பு அல்லது மனக்கணக்கு வகுப்பு. அதன் பிறகு வீட்டுப்பாடம். அவன் படுக்கும்போது மணி 10.30. சனிக்கிழமை போட்டிப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை மீண்டும் பிரத்தியேக வகுப்பு. கூட்டிப் பார்த்தால் அவனுடைய ஒருநாள் உழைப்பு 12 மணி நேரத்தைத் தாண்டுகிறது.

உணவுக்கடையில் தட்டுக் கழுவும் சிறுவனுக்குச் சட்டம் வழங்கிய ஓய்வைக் கல்வி கற்கும் சிறுவனுக்குப் பெற்றோரின் அன்பும் ஆசிரியரின் அக்கறையும் வழங்கவில்லை. இதனை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளாமல் கல்வி வளர்ச்சி பற்றி மேடைதோறும் முழங்குவதில் பொருளில்லை.

தேர்வே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. 1988 முதல் நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வின் மீது பெற்றோரும் ஆசிரியரும் ஒருங்கே பழி சுமத்தினர். அத்தேர்வு 2019இல் இறுதியாக நடந்தது. 2021இல் அரசு அதனை நீக்கியது. மூன்றாம் படிவ மாணவர்க்கான பி.டி.3 மதிப்பீடும் 2022இல் கைவிடப்பட்டது. பழி சுமக்கத் தேர்வு இல்லாத நாள்களிலேனும் பிள்ளைகளின் மாலைப்பொழுது விடுதலை பெற்றதா? இல்லை. பிரத்தியேக வகுப்புகளின் விளம்பரப் பலகையில் தேர்வின் பெயர் மாறியதேயன்றிப் பலகை இறக்கப்படவில்லை.

ஜொகூர் நீரிணைக்கு அப்பாலும் இதே நிலைதான். சிங்கப்பூர் அரசு 2019இல் தொடக்கநிலை 1, 2 மாணவர்க்குத் தேர்வுகளை நீக்கியது. 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி ஆகிய இரண்டிலும் அரையாண்டுத் தேர்வுகளை முழுமையாக நிறுத்தியது. ஆயினும், அங்குள்ள குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஓராண்டில் செலவிட்ட தொகை, 2017/18ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 140 கோடி வெள்ளியாக இருந்து, 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 180 கோடி வெள்ளியாக உயர்ந்தது. தேர்வைக் குறைத்தும் அச்சம் குறையவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தேர்வு எந்த வடிவில் வந்தாலும், வராமலே போனாலும், பிள்ளையின் ஓய்வை மதிக்கும் மனம் வாய்க்காதவரை அவன் அட்டவணை இளகப்போவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிய சமுதாயம் கல்வியால்தானே தலைநிமிர்ந்தது? பிறர் ஒரு மடங்கு உழைத்தால் தமிழ்ப்பிள்ளை இரு மடங்கு உழைத்தாலன்றோ முன்னேற முடியும்? இவ்வாறு கேட்போரின் கவலை உண்மையானது, ஏளனத்திற்குரியதன்று. ஆனால் அவர்கள் வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டுமே படித்திருக்கிறார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டுமென்று விதித்தது. இருந்தும் பல பிள்ளைகள் விடியலில் பெற்றோருடன் வெட்டுக்காட்டிற்குச் சென்று, பால்வாளி சுமந்து, களைத்த உடலோடு வகுப்பில் அமர்ந்தனர். அந்தக் களைப்பு அவர்களின் கல்வியை எவ்வளவு தின்றது என்பதைத் தோட்டப்பள்ளி ஆசிரியர்கள் அறிவர். பிள்ளையின் தோளிலிருந்து பால்வாளியை இறக்குவதற்காகத்தான் ஒரு தலைமுறை போராடியது. இறக்கிய இடத்தில் புத்தகமூட்டையையும் பயிற்றிக் கட்டுகளையும் ஏற்றி, அதே களைப்பை மீண்டும் வகுப்பிற்கு அழைத்து வருவதற்காக அன்று.

களைத்த மூளை கற்பதில்லை. இது செல்லங்கொடுக்கும் தாயின் வாதமன்று; அறிவியல் கூறும் உண்மை. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரையுள்ளோர் 8 முதல் 10 மணி நேரமும் உறங்கவேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. மேலே கண்ட ஐந்தாம் ஆண்டுச் சிறுவன் 7 மணி நேரமே உறங்குகிறான். பகலில் கற்றது நினைவில் ஊன்றி நிற்பதற்கு உறக்கம் துணைபுரிகிறது. இடைவெளி விட்டுப் பயில்வது ஒரே மூச்சில் பயில்வதைவிட நிலைக்கும் என்பதனை, ஜெர்மானிய அறிஞர் எப்பிங்காஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்விலேயே காட்டினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் பயின்ற எவரும் அறிந்த பாடம் இது. தேர்வில் எழுதித் தேர்ச்சி பெற்ற இப்பாடத்தைப் பள்ளியில் கால அட்டவணை வரையும் நாளில் மறந்துவிடுவது ஏன்?

தமிழாசிரியர்கள் இதில் இன்னொரு இழப்பையும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவர்கள். நிரம்பி வழியும் அட்டவணையிலிருந்து முதலில் தள்ளப்படுவது கணிதமன்று, அறிவியலன்று, ஆங்கிலமுமன்று. பாட்டியுடன் பேசும் பேச்சு தள்ளப்படுகிறது. யாரும் ஏவாமல் எடுத்துப் படிக்கும் கதைப்புத்தகம் தள்ளப்படுகிறது. விளையாட்டுத் திடலில் சண்டையிட்டுச் சமாதானமாகும் தமிழ் தள்ளப்படுகிறது. மொழி, பாடவேளையில் மட்டும் வளர்வதில்லை. வேலையில்லாத பொழுதில்தான் அது நாவில் ஊறுகிறது. கேட்ட கதையைத் தம்பிக்குத் திரித்துச் சொல்லவும், சொல்லை மாற்றிப் போட்டுச் சிரிக்கவும் நேரமில்லாத பிள்ளை, தமிழை மதிப்பெண்ணுக்குரிய பாடமாக மட்டுமே அறிவான். அப்படி அறிந்தவன் இடைநிலைப்பள்ளியில் சுமை கூடியதும் எதனைக் கைவிடுவான்? எஸ்.பி.எம். தேர்வில் தமிழையும் தமிழிலக்கியத்தையும் எடுக்க மாணவர் தயங்குகின்றனரே என்று மாநாடுகளில் வருந்துவோர், அத்தயக்கத்தின் விதை தொடக்கப்பள்ளியின் களைப்பிலும் இருப்பதைக் காணவேண்டும். ஓய்வைப் பறித்துத் தமிழை வளர்ப்பது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவது போன்றது.

பள்ளிகளின் புகழாசையையும் இங்குக் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. கட்டுரைப் போட்டி, கதை சொல்லும் போட்டி, புதிர்ப்போட்டி, புத்தாக்கப் போட்டி என ஆண்டு முழுவதும் அணிவகுக்கின்றன. தமிழ்ப்பிள்ளைகள் அனைத்துலக அரங்குகளில் பதக்கம் பெறுவது பெருமைக்குரியதே. ஆனால் பல பள்ளிகளில் எல்லாப் போட்டிக்கும் அனுப்பப்படுபவர்கள் அதே பத்துப்பிள்ளைகள். பதக்கத்தோடு நாளிதழில் வரும் படத்தில் தலைமையாசிரியர் சிரிக்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தலைவர் சிரிக்கிறார். நடுவில் நிற்கும் பிள்ளையின் கண்களில் உறக்கம் தேங்கி நிற்கிறது. மாணவர் எண்ணிக்கை குறையும் பள்ளிகளுக்கு விளம்பரம் தேவைப்படுகிறது என்பர். அந்தத் தேவையைச் சுமக்கவேண்டியவர் பெரியோர். பள்ளியைக் காக்கும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையின் முதுகில் ஏற்றுவது அறமாகாது.

ஓய்வு கொடுத்தால் பிள்ளை கைப்பேசியில் மூழ்கிவிடுவான் என்பது மற்றொரு வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. நாள் முழுதும் பிறர் ஏவியபடி நடந்த பிள்ளைக்குத் திடீரென ஒருமணி நேரம் கிடைத்தால், அதனைப் பயன்படுத்த அவனுக்குத் தெரிவதில்லை. கைக்கு எட்டிய கைப்பேசியை எடுக்கிறான். இதற்கு மருந்து இன்னொரு வகுப்பு அன்று. ஓய்வைப் பயன்படுத்தக் கற்பிப்பதே. பந்தும் பல்லாங்குழியும் மண்ணும் செடியும் தோழனும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், பிள்ளை தானே விளையாட்டைப் படைத்துக்கொள்வான். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், பிரத்தியேக வகுப்பு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடமாகவும் இருக்கிறது என்பது மறுக்கவியலாதது. அத்தகைய பெற்றோரைக் குறை கூறுவது எளிது; பிற்பகலில் பள்ளி நூலகத்தையும் திடலையும் அப்பிள்ளைகளுக்குத் திறந்துவைப்பதே பயனுடையது.

பின்தங்கிய மாணவர்க்கு உதவி வேண்டாமா எனின், கட்டாயம் வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்குப் பள்ளிநேரத்திற்குள்ளேயே குறைநீக்கல் போதனை தருவது ஆசிரியரின் தலையாய கடன். அதனைச் செய்யாமல், நன்கு படிக்கும் பிள்ளைக்கு மேலும் ஐம்பது வினாத்தாள் கொடுப்பதைச் சிறப்பு வகுப்பு என்று அழைப்பதே கண்டிக்கத்தக்கது.

செய்யத்தக்கவை அரிய செயல்கள் அல்ல. ஒவ்வொரு வகுப்பிலும் வீட்டுப்பாடப் பலகை ஒன்று தொங்கட்டும். ஓர் ஆசிரியர் கொடுத்த வேலையை மற்ற ஆசிரியர் கண்டு, தம் வேலையைக் குறைத்துக்கொள்ளட்டும். முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரை பிற்பகல் சிறப்பு வகுப்பு அறவே வேண்டாம். உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்குக் கடன்வாங்கும் வழக்கம் ஒழியட்டும். வீட்டுப்பாடம் முடிக்காதவனின் இடைவேளையைப் பறிப்பதைத் தண்டனையாகக் கொள்ளும் கொடுமை நிற்கட்டும். வாரத்தில் ஒருநாள் நூலகத்தில் பிள்ளை விரும்பியதைப் படிக்கட்டும். படித்ததற்கு அறிக்கை கேட்க வேண்டாம். ஓராண்டில் ஒரு மாணவன் இத்தனை போட்டிகளுக்கு மேல் செல்லலாகாது என்று பள்ளியே வரம்பு கட்டட்டும். பெற்றோர் வாரத்தில் ஒருநாளையேனும் முழுமையாகப் பிள்ளைக்கு விட்டுவிடட்டும்.

ஓய்வும் விளையாட்டும் சிறுவரின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறார் உரிமை உடன்படிக்கை தனது 31ஆம் பிரிவில் கூறுகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தன. அரசுகள் ஏற்ற அந்த உரிமையைப் பிள்ளையின் கையில் சேர்க்கவேண்டியவர்கள் வீட்டில் பெற்றோர், பள்ளியில் ஆசிரியர்.

நெல் விளைவித்த சமுதாயத்திற்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றைக் கையால் இழுத்து வளர்த்த உழவன் உலகில் இல்லை. நீர் பாய்ச்சுவான், களை எடுப்பான், பின்பு வரப்பில் நின்று காத்திருப்பான். அக்காத்திருப்பும் உழவின் ஒரு பகுதியே. ஆசிரியர் பணியிலும் அத்தகைய காத்திருப்புக்கு இடமுண்டு. அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணையை வரைய அமரும் ஒவ்வொரு தலைமையாசிரியரும், வகுப்புகளுக்கான கட்டங்களை நிரப்புமுன், பிள்ளைக்கு உரிய வெற்றுக்கட்டங்களை முதலில் ஒதுக்கி வைப்பாராக.