காவும் காவலும்

'கா' என்பது ஓரெழுத்தொருமொழி. பெயராய் நிற்குங்கால் அது சோலையைக் குறிக்கும். வினையாய் நிற்குங்கால் 'காப்பாயாக' என்று ஏவும். காவல் இல்லாத கா நெடுநாள் நில்லாது என்பதை நமக்கு உணர்த்துதற்கே இவ்விரு பொருளும் ஓரெழுத்தில் கூடின போலும். இவ்வுண்மையை ஒரு பெருநகரத்தின் வரலாற்றால் விளக்கி, நம் நாஞ்சில் நாட்டார்க்கு உரிய கடமையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைக் கவர்னராய் விளங்கிய சர் சார்லஸ் டிரெவெல்யன், நகரமாந்தர் உலாவி இளைப்பாறுதற்பொருட்டு 1859-ஆம் ஆண்டில் மக்கள் பூங்காவை வகுத்தார். அதன் பரப்பு 116 ஏக்கர். குளங்களும் நடைவழிகளும், பிற்பாடு விலங்குக் காட்சிச்சாலையும் அதன்கண் அமைந்தன. அப்பூங்கா இன்று எங்கே? அதனைப் பகைவர் அழித்திலர். புயலும் வாரிக்கொண்டு போகவில்லை. நற்காரியங்களே அதனைச் சிறிது சிறிதாக விழுங்கின. விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பெற்றது. பின்னர் விளையாட்டரங்கும் அமைந்தது. இவற்றுள் எதுவும் தீயதன்று. 'இத்துணைப் பெரிய பூங்காவில் ஒரு மூலைதானே' என்ற ஒரே சொல்லால் எல்லாம் நடந்தேறின. மூலைகள் யாவும் போனபின் நடுவிடம் எங்ஙனம் எஞ்சும்? இன்று காண்பது மைலேடீஸ் பூங்கா என்னும் சிறு துண்டே.

இவ்வரலாறு நமக்கு வேண்டுவதென்னை? நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியாயிற்று. நகரம் பெருக, வெற்றிடத்தின் விலையும் ஏறும். வேப்பமூட்டில், திருவிதாங்கூர்த் திவானாயிருந்த சர் சி. பி. இராமசாமி ஐயர் பெயரால் ஒரு பூங்கா உளது. 'மூடு' என்பது மரத்தின் அடியைக் குறிக்கும் நம் நாட்டு வழக்கு. ஆலமூடு, புளியமூடு, வேப்பமூடு என்று மரத்தடியையே இடப்பெயராக்கி வாழ்ந்தனர் நம் முன்னோர். பெயரில் மட்டும் மரம் நின்று, மண்ணில் அது நில்லாதொழியின் நமக்கு அது பெருமையாகுமோ?

புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையையும் ஈண்டு நினைக்கவேண்டும். 1741-இல் குளச்சற்போரில் தோல்வியுற்ற ஒல்லாந்தர் படையின் டிலனாய், பின் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவராகி அக்கோட்டையை வலுப்படுத்தினார். 1777-இல் மறைந்த அவர்தம் கல்லறையும் அதனுள்ளேயே இருக்கின்றது. போருக்கென்று எழுந்த அம்மதிலகம் இன்று வனத்துறையின் காவலில் பல்லுயிர்ப் பூங்காவாக விளங்குகின்றது. கோட்டை சோலையாகும் என்பதற்கு அது சான்று. சோலை கட்டடக்காடாகும் என்பதற்குச் சென்னை சான்று. இரண்டில் எதனைப் பின்பற்றுவோம்?

'சாலையும் மருத்துவமனையும் வேண்டாவோ? வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறோரிடத்தில் பத்துக் கன்று நட்டால் ஆகாதோ?' என்பாரும் உளர். சாலையும் வேண்டும், மருத்துவமனையும் வேண்டும். ஆயினும் முதுமரம் இன்று தரும் நிழலைக் கன்று தருதற்குப் பல்லாண்டுகள் செல்லும். 2017 நவம்பர் 30-இல் வந்த ஒக்கிப் புயல் ஒரே நாளில் நம் மாவட்டத்தில் சாய்த்த மரங்களை எண்ணிப் பார்ப்பார்க்கு இது விளங்கும். மேலும், உலகம் வெம்மையுறும் இக்காலத்தில், சிமிட்டித் தரை வெயிலை உண்டு இரவில் உமிழ்கின்றது. மழைநீரையோ உண்ணாது தெருவிற் பாய்ச்சுகின்றது. பூங்காவின் மண் நீரை உறிஞ்சுகின்றது. இலைகள் ஈரத்தை விடுத்துக் காற்றைத் தணிக்கின்றன. ஊர்ப்புறத்தில் நட்ட கன்று ஊர்நடுவின் வெம்மையை ஆற்றாது.

பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவ நிலையத்துக்கு வழங்கியது செல்லாதென்று உச்சநீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. நோய் தீர்க்கும் பணியும் பூங்காவைப் பறித்தற்குக் காரணமாகாது என்பதே அதன் கருத்து. ஆகாப் மன்னன் நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கு ஈடாக அதனினும் நல்ல தோட்டமோ பணமோ தருவதாகக் கூறினான். முன்னோர் உடைமை விற்பனைக்குரியதன்று என்று நாபோத் மறுத்தான். பொதுப்பூங்காவும் அத்தகைய உடைமையே. நாம் அதனைப் பெற்றவரன்றி விற்றற்கு உரியவரல்லர்.

பூங்காக்களைப் பட்டியலிட்டுக் காத்தற்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்தில் உண்டு. ஆயினும் எல்லை அறியாத நிலத்தைச் சட்டமும் காவாது. ஆதலின் ஒவ்வொரு பூங்காவின் பரப்பையும் எல்லையையும் அளந்து, அதன் வாயிலிலேயே யாவரும் படிக்குமாறு எழுதிவைத்தல் வேண்டும். உள்ளிருக்கும் மரங்களை எண்ணிப் பெயர் எழுதும் பணியை நம் கல்லூரித் தாவரவியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒருங்கே மேற்கொள்ளலாம். அவர் இனம் அறிவர், நாம் பெயர் அறிவோம். ஆண்டுக்கொருமுறை அக்கணக்கை இவ்விதழில் வெளியிடுவோமாயின், ஒரு மூலை குறையினும் ஊர் அறியும். ஊர் அறிந்தபின் ஒருவரும் அதனை எளிதிற் கொள்ளார்.