30-27, 27-30: ஒரே சண்டைக்கு எப்படி ரெண்டு கணக்கு?

புனே ஹிஞ்சவாடியில் வேலை. ஞாயிறு காலை ரூம்மேட் யுஎஃப்சி போடுகிறார். ரெண்டு பேர் தரையில் கட்டிப் புரள்கிறார்கள். யார் ஜெயிக்கிறார் என்றே புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பூஜா தோமரிடமிருந்து. 2024 ஜூன் 8, அமெரிக்காவின் லூயிவில் நகரம். யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். நடுவர்களின் மார்க்: 30-27, 27-30, 29-28. அதாவது, மூன்று ரவுண்டும் பூஜாவுக்கே என்றார் ஒருவர். மூன்றும் எதிராளிக்கே என்றார் இன்னொருவர்!

மார்க் எப்படி? 5 நிமிட ரவுண்டில் முந்தியவருக்கு 10, மற்றவருக்கு வழக்கமாக 9. பலன் தந்த அடியும் பிடியும்தான் முதல் கணக்கு. சும்மா மேலே படுத்திருந்தால் போதாது. நெருக்கமான ரவுண்டில் எது பலன் தந்தது என்பதில் நடுவருக்கு நடுவர் பார்வை மாறும்.

அதனால் என்ன? ஒப்பந்தங்களில் பொதுவாக, களமிறங்க ஒரு தொகை, ஜெயித்தால் கூடுதலாக இன்னொன்று. மூன்றாவது நடுவர் மாற்றிப் போட்டிருந்தால் வெற்றி மட்டுமில்லை, அந்தப் பணமும் போயிருக்கும்.

குஸ்தி பார்த்த கண் உதவுமா? பாதி உதவும். புனே தாலீம்களில் எதிராளியின் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. எம்எம்ஏவில் அங்கேதான் அடுத்த ஆட்டமே ஆரம்பம். 2025 மார்ச்சில் லண்டனில் பூஜா தோற்றது அடியில் அல்ல; முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் 'ஆர்ம்பார்' பிடியில்.

அடுத்த ஞாயிறு, முடிவு சொல்லும் முன்பே ரவுண்டு வாரியாக நீங்களே மார்க் போட்டுப் பாருங்க. தரையில் நடப்பது புரிய ஆரம்பிக்கும்.