விற்ற பிறகும் விடாத பிடி

காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம்? வாங்கியவனுக்கா, விற்றவனுக்கா?

டெலிவிஷன் முதலிய சாதனங்களைக் கைபேசியாலேயே இயக்கும் 'ஹார்மனி லிங்க்' கருவியை லாஜிடெக் கம்பெனி விற்றது. கருவி வீட்டிலே, அதன் உயிரோ கம்பெனியின் சர்வரிலே! 2018 மார்ச் 16-க்குப் பின் அது இயங்காது என்று 2017 நவம்பரில் அறிவித்தது. பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிறதாம்! உத்தரவாதக் காலம் கடந்தவர்களுக்குப் புதுக் கருவி வாங்கத் தள்ளுபடி மட்டுமே 'சலுகை'!

வாங்கியோர் கொதித்தெழுந்தனர். கம்பெனி பணிந்தது, எல்லோருக்கும் புதுக் கருவி இலவசம் என்றது. இது முதலாளியின் கருணையா? இல்லை, மக்கள் எழுப்பிய கூட்டுக் குரலின் வெற்றி!

ஆனால் புதுக் கருவியின் கடிவாளமும் கம்பெனி கையில்தானே? விற்ற பொருளை முடக்கும் அதிகாரத்தைச் சட்டம் போட்டுப் பறிக்க வேண்டும். அதுவரை குரல் ஓயக்கூடாது!