இருட்டில் பதிந்த உருவம்

ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 1986-ஆம் ஆண்டு ஜனவரியில் தேசத்துக்கு அர்ப்பணிக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியைக் காண ஜவ்வாது மலை ஏறிவரும் ஜனங்கள், நட்சத்திரங்களை நினைத்துப் பிரமிக்கிறார்களேயன்றி, அந்த ஒளியைத் திரட்டித் தரும் 2.34 மீட்டர் ஆடியின்மேல், ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமே உள்ளதாய்ப் படிந்திருக்கும் அலுமினியப் பூச்சைப் பற்றி நினைப்பதில்லை. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவிட்ட அந்த உலோகம், காற்றைத் தீண்டிய கணமே பிராணவாயுவுடன் கூடி, பாலின்மேல் ஏடு படிவதுபோல் தன்மேல் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

இந்தச் சேர்க்கையின்போது உலோகத்திலிருந்து ஏதேனும் வெளிப்படுகிறதா என்ற கேள்விக்குச் சுவையான சரித்திரம் உண்டு. பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டறிந்த மறு ஆண்டே, 1897-இல், லண்டன் ரசாயன அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ரஸ்ஸல், புதிதாய்ச் சுரண்டிய துத்தநாகத்தையும் மெக்னீஷியத்தையும் அலுமினியத்தையும் இருட்டில் ஒளிப்படத் தகட்டருகே வைக்க, அவற்றின் உருவம் தகட்டில் பதிந்தது. புதுக் கதிர் அகப்பட்டதென்று முரசறைய அவருக்குத் தடை எதுவும் இல்லை, ஆயினும் அவர் குறுக்கே கண்ணாடியை வைத்துப் பார்த்தார், பதிவு நின்றது. ஈரக் காற்றில் உலோகம் அரிக்கப்படுகையில் பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடின் ஆவியே காரணம் என்ற முடிவுக்குப் படிப்படியாக வந்து சேர்ந்தார்.

அரை நூற்றாண்டுக்குப்பின் ஜெர்மானியரான யோஹன்னஸ் கிராமர், தேய்த்த உலோகப் பரப்பிலிருந்து எலக்ட்ரான்களும் புறப்படுவதைக் கைகர் கருவியால் எண்ணிக் காட்டினார். பிராணவாயு ஒட்டும்போது விடுபடும் சக்தியும் அவற்றை வெளியே தள்ளுகிறது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. அவற்றின் சக்தி மிக அற்பமாதலால், வீட்டுப் பித்தளைக் குடத்தைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அதில் அபூர்வக் கதிர் உண்டென்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டியதும் இல்லை.

காவலூரிலேயே ஆரம்ப ஆண்டுகளில் வானத்தைப் பதிவுசெய்தது ஒளிப்படத் தகடுதான். ஆகவே, மலைக்கு மாணவரை அழைத்துவரும் பள்ளிகள், துத்தநாகத் துண்டும் உப்புத்தாளும் ஒளிப்படச்சுருளும் இருட்டறையும் கொண்டு ரஸ்ஸலின் சோதனையைத் தாமே செய்து பார்க்க அவர்களுக்கு வழிசெய்ய வேண்டும். காரணத்தை ஐயுற்று, குறுக்கே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கும் புத்தியை வளர்க்காமல் வானத்தை மட்டும் காட்டி அனுப்புவது, பெருஞ்செலவில் நிறுவிய கருவியைக் காட்சிப் பொருளாக்கிவிடும்.