எதிர்பாராத மழை என்று ஒன்று இல்லை

நம் இளம் எழுத்தாளர்களின் பயணக் கட்டுரைகளில் ஒரு மழை வரும். அது எப்போதும் 'திடீரென்று'தான் பெய்யும். எழுதுகிறவர் தனியாகக் கூடாரம் அடித்திருப்பார். வானம் இருளும், கூடாரத் துணி படபடக்கும். அவர் நனைவார், நடுங்குவார், கடைசிப் பத்தியில் தன்னைக் கண்டடைவார். காலையில் வெயில் வந்துவிடும். கட்டுரைக்கு மேலே ஒரு படம் இருக்கும்: பனிமூட்டம், முதுகுப்பை, திரும்பி நிற்கும் ஆள்.

இப்படி ஒன்றை நானும் எழுதியிருக்கிறேன். அதனால் அடுத்தவர்களை மட்டும் திட்ட உட்காரவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். 'எதிர்பாராத வானிலை' என்பது பெரும்பாலும் பொய். 'தனியாக' என்பதும் பெரும்பாலும் பொய். நம்முடைய தனிப்பயண எழுத்து இந்த இரண்டு பொய்கள் மேல்தான் கூடாரம் அடித்து உட்கார்ந்திருக்கிறது.

முதலில் வானிலை. பெர்மாஸ் ஜெயாவில் மாடி வீட்டில் துணி காயப்போடுகிற எந்த அம்மாவையும் கேட்டுப் பாருங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், அக்டோபர் வாக்கில் காற்று திசை மாறும் காலம், அப்போது மத்தியானத்துக்கு மேல் இடி. மூன்று மணிக்கு வானத்தைப் பார்த்துவிட்டுத் துணியை எடுக்கிற அம்மாவுக்கு இது தெரியும். அதே வீட்டில் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, ஐந்நூறு வெள்ளிக்குக் கூடாரம் வாங்கிய மகனுக்கு மட்டும் மழை 'திடீரென்று' வருகிறது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. இடிமழை எச்சரிக்கை வேறு. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்தால்தான் அது வரும். ஒவ்வொரு வெளியீடும் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான். அதாவது, காலையில் லார்கினில் பஸ் ஏறும்போது கைப்பேசியில் பார்த்தது ராத்திரிக்கு உதவாது. ராத்திரி பார்க்கலாமென்றால் காட்டுக்குள் லைன் இருக்காது. ஆக, முடிவைக் காட்டுக்குள் போய் எடுக்க முடியாது. எந்த மாதம், எந்த ஆறு, எந்தச் சரிவு என்று வீட்டிலேயே எடுக்க வேண்டும். இந்த வேலை கட்டுரையில் அழகாக இருக்காது. அதனால் யாரும் எழுதுவதில்லை. எழுதாததால், படித்துவிட்டுக் கிளம்பும் இருபது வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரிவதில்லை.

'வாமேய் புயலை யார் எதிர்பார்த்தார்கள்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் உருவாகாது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 2001 டிசம்பர் 27 அன்று, ஏறக்குறைய ஒன்றரை பாகை வடக்கில் உருவான அந்தப் புயல் நம் ஜொகூரில் கரையேறியது. அதன் மழையில் புலாய் மலையில் மண்ணும் பாறையும் மரமும் சேர்ந்து சரிந்து, அடிவாரத்தில் இருந்தவர்களைக் கொன்றது. ஆமாம், புயலை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் டிசம்பர் கடைசியில் ஜொகூரில் பேய்மழை பெய்யும் என்பதும், பல வாரங்கள் ஊறிய சரிவு பலமிழந்து நிற்கும் என்பதும் எதிர்பார்க்கக்கூடியவைதாம்.

சரிவு எப்படி இடிகிறது என்பதை ஒரு பத்தியாவது சொல்லிவிடுகிறேன். மண் நிற்பது துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால். மழை நீர் உள்ளே இறங்க இறங்க, இடுக்குகளில் நீரழுத்தம் கூடி அந்தப் பிடி தளர்கிறது. இன்று பெய்த மழை மட்டும் கணக்கில்லை. போன வாரம் பெய்ததும் உள்ளேதான் இருக்கிறது. ஆகவே 'ராத்திரி வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது' என்பது சரிவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலி. தூங்கிக்கொண்டிருந்த முகாம்வாசிகள் மேல் மலைச்சரிவு இறங்கியது. 31 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இருக்கவில்லை. நான் இறந்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் காசு கட்டி, பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள். மேலே சாலையோரச் சரிவு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியது அவர்கள் வேலையல்ல. அதனால்தான் 'இயற்கைச் சீற்றம்', 'எதிர்பாராதது' என்ற சொற்கள் எனக்குக் கோபத்தைத் தருகின்றன. இடத்தை வாடகைக்கு விடுகிறவருக்கும் உரிமம் பார்க்க வேண்டியவருக்கும் அந்தச் சொல் வசதியான குடை. அந்தக் குடையைத் தைத்துக் கொடுப்பதில் இலக்கியத்துக்கும் பங்கு இருக்கிறது. மழையைப் புதிராக, தெய்வச் செயலாக மட்டுமே எழுதிப் பழகிய மொழி, பொறுப்பு யாருடையது என்ற கேள்வியைக் கேட்காது.

இப்போது 'தனியாக' என்ற சொல்லுக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஓர் அக்டோபரில், கோத்தா திங்கிக்கு அப்பால் ஓர் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தேன். தண்ணீருக்குப் பத்தடி தள்ளி, மெத்தை மாதிரி மணல் திட்டு. சாயங்காலம் பழத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவர் மோட்டாரில் வந்தார். 'ஜாஙான் தீடோர் சினி,' என்றார். இங்கே படுக்காதே. எனக்கு எரிச்சல். தனிமையைத் தேடி வந்தால் இங்கேயும் ஒரு மாமாவா? அவர் பக்கத்து மரத்தைக் காட்டினார். என் இடுப்பு உயரத்தில் காய்ந்த சருகும் பிளாஸ்டிக் பையும் கிளையில் சிக்கித் தொங்கின. தண்ணீர் அதுவரைக்கும் வரும் என்றார். முணுமுணுத்துக்கொண்டே கூடாரத்தைப் பிடுங்கி மேட்டுக்கு மாற்றினேன்.

ராத்திரி என் கூடாரத்தின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் இரண்டு மணி வாக்கில் ஆற்றின் சத்தம் மாறியது. மேலே எங்கோ பெய்த மழை கீழே ஒரே மூச்சாக இறங்கிக்கொண்டிருந்தது. மலாய்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கெப்பாலா ஆயர்', நீரின் தலை. 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையில் உயிர்களைக் கொண்டுபோனது இதுதான். விடிந்ததும் பார்த்தேன். மணல் திட்டு இல்லை.

ஊர் திரும்பிக் கட்டுரை எழுதினேன். அதில் அந்தப் பெரியவர் இல்லை. 'ஏதோ ஓர் உள்ளுணர்வு என்னை மேட்டுக்கு ஏறச் சொன்னது' என்று எழுதினேன். படித்த நண்பர்கள் எல்லாரும் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள். அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

தனிப்பயணம் இப்படித்தான் தயாரிக்கப்படுகிறது. வழி சொன்னவர், சோறு போட்டவர், படகு விட்ட ஓராங் அஸ்லி, பாதையை வெட்டி வைத்திருக்கும் வனத்துறை ஊழியர் எல்லாரையும் அழித்துவிட்டால் மிஞ்சுவது 'நான்'. அந்த 'நான்' தொலைந்து போனால் அடுத்த நாள் தேடிவருவது யார்? தீயணைப்பு மீட்புப் படை. 2018 அக்டோபர் 3 அன்று பூச்சோங்கில், நீரில் விழுந்த ஒரு பையனைத் தேடி இறங்கிய ஆறு மீட்பு வீரர்கள் மூழ்கி இறந்தார்கள். தேடுவதற்கும் உயிர்தான் விலை. அந்த விலை எந்தத் 'தன்னைத் தேடும்' கட்டுரையிலும் கணக்கில் வருவதில்லை.

நம் தலைமுறையின் குலதெய்வம் ஒருவர் இருக்கிறார்: 'இன்டூ தி வைல்ட்' கிறிஸ்டோபர் மெக்கன்டில்ஸ். 1992இல் அலாஸ்காவில் அவர் திரும்பிவர நினைத்தபோது ஆறு பெருகி வழியை மறித்தது. கொஞ்ச தூரத்தில் ஆற்றைக் கடக்கக் கையால் இழுக்கும் கம்பிவடத் தொட்டி ஒன்று இருந்தது. அவரிடம் சரியான வரைபடம் இல்லை. அவர் தங்கியிருந்த பஸ்ஸைப் பார்க்கப் போய் மாட்டிக்கொண்டவர்களை மீட்டு மீட்டுச் சலித்து, சிலர் செத்தும்போன பிறகு, 2020இல் ஹெலிகாப்டர் வைத்து அந்தப் பஸ்ஸையே தூக்கிவிட்டார்கள். நாம் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது தனிமையை. எடுத்திருக்க வேண்டியது வரைபடத்தை.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போதே மரப்பட்டையைத் தொட்டுப் பார்ப்பார். பட்டை ஈரமென்றால் வேலை இல்லை, சம்பளம் இல்லை. வெட்டிய பிறகு மழை வந்தால் மங்கில் இருக்கும் பால் போச்சு. மழையைப் படிப்பது அவருக்கு ஞானமோ அனுபவமோ இல்லை, அரிசி. காட்டில் இருட்டில் நடப்பதை அவர் ஒருநாளும் பயணம் என்று சொன்னதில்லை. நான் முதல்முறை கூடாரத்தோடு கிளம்பியபோது, 'ராத்திரில படுக்க உனக்கு வீடு இல்லையா?' என்றுதான் கேட்டார். அப்போது சிரித்தேன்.

இதைப் படித்துவிட்டு 'அப்ப போகவே கூடாதுன்னு சொல்றியா?' என்று கேட்பவர்களுக்கு: இல்லை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் இளம்பெண்கள். உடனே கிளம்பிய கேள்வி 'பொம்பளப் பிள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?' மார்ச் மாதத்துக் காய்ந்த புல்லில் தீ எப்படி ஓடும் என்று கேட்டவர்கள் குறைவு. தடை போடுகிறவர்களும் சாகசம் பாடுகிறவர்களும் ஒரே ஆட்கள்தாம். இரண்டு பேருக்குமே காடு தெரிய வேண்டிய அவசியமில்லை. நம் பெண்கள் தனியாகப் போகத்தான் வேண்டும். அதற்கு வேண்டியது மாதமும் ஆறும் சரிவும் தெரிந்த எழுத்து.

ஆகவே எழுதுங்கள். எந்த மாதம் போனீர்கள், ஆறு என்ன நிறத்தில் இருந்தது, அனுமதி யாரிடம் வாங்கினீர்கள், எந்த இடத்தில் பயந்து திரும்பினீர்கள் என்று எழுதுங்கள். திரும்பி வந்த கட்டுரைகள் நம்மிடம் மிகக் குறைவு. யார் சொல்லிப் பிழைத்தீர்கள் என்பதை உள்ளுணர்வு என்று மாற்றாதீர்கள்.

நான் இப்போதும் போகிறேன். போகுமுன் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிடுகிறேன். எந்தப் பாதை, எப்போது திரும்புவேன், எத்தனை மணிக்கு மேல் 999க்குக் கூப்பிட வேண்டும். போன டிசம்பரில் அம்மா அந்தத் தாளைப் படித்துவிட்டு, ஜன்னல் வழியாக நீரிணைப் பக்கம் பார்த்தார். 'இந்த மாசத்துல வேணாம்யா,' என்றார். பையை இறக்கி வைத்தேன். அந்தப் பயணத்தைப் பற்றிய கட்டுரை இதுதான்.