ஆசாரிக்குப் புரியாத கட் லிஸ்ட் எதற்கு?

"கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. கேம்ஸ், சினிமா, இன்டர்நெட் தவிர இதை வைத்து வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். வீட்டில் மரவேலை ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு: கட் லிஸ்ட் தயாரியுங்கள். ஆனால் தயாரித்த லிஸ்டை மில்லிமீட்டரிலும் ஆங்கிலத்திலும் பிரிண்ட் எடுத்து ஆசாரியிடம் நீட்டாதீர்கள். அப்படி நீட்டினால் அது பொட்டலம் மடிக்கத்தான் உதவும்.

கட் லிஸ்ட் என்பது வேறொன்றும் இல்லை. ஓர் அலமாரிக்கு எத்தனை பலகை, ஒவ்வொன்றும் என்ன நீளம், அகலம், கனம் என்ற பட்டியல். அதோடு, கடையிலிருந்து வரும் 8க்கு 4 அடி பிளைவுட் ஷீட்டில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்ற படமும் சேர்ந்தால் முழுமை. விளாத்திகுளம், எட்டயபுரம், கழுகுமலைப் பக்கத்துக் கிராமத்துக்காரர்களுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். ஒரு ஷீட் குறைந்தால் மறுபடி கோவில்பட்டிக்கு லோடு ஆட்டோ அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும்வரை ஆசாரி சும்மா உட்கார்ந்திருப்பார். அன்றையக் கூலி உண்டு. இந்தப் பயத்தில்தான் அவர் எப்போதும் ஒரு ஷீட் கூடச் சொல்கிறார். அதை ஏமாற்று என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. லிஸ்டைக் காட்டி அவரை மடக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக் கொள்ளலாம்.

சாப்ட்வேர் விஷயத்துக்கு வருவோம். ஸ்கெட்ச்அப் 2000ல் வெளியானது. 2006ல் கூகுள் வாங்கியது, 2012ல் டிரிம்பிள் கைக்குப் போனது. வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவந்த டெஸ்க்டாப் பதிப்பு 2017ஓடு நின்றுவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது பிரவுசரில் இயங்கும் பதிப்பு மட்டும். அதில் எக்ஸ்டென்ஷன் சேர்க்க முடியாது. கட் லிஸ்டுக்கு மிகவும் உதவும் ஓப்பன்கட்லிஸ்ட் ஓர் எக்ஸ்டென்ஷன்தான். அது இலவசம், ஆனால் டெஸ்க்டாப் பதிப்பு வேண்டும். பணம் செலவழிக்க மனமில்லாதவர்கள் ஃப்ரீகேட் பக்கம் போகலாம், கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரே ஓர் அலமாரிதான் என்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

எந்த சாப்ட்வேர் என்றாலும் முதலில் கவனிக்க வேண்டியது அளவு முறை. நம் ஊர் ஆசாரி பேசுவது அடி, அங்குலம், நூல். ஓர் அங்குலத்துக்கு 8 நூல். ஸ்கெட்ச்அப்பில் மாடல் இன்ஃபோ, யூனிட்ஸ் பகுதிக்குப் போய், ஃபிராக்ஷனல் என்பதைத் தேர்ந்தெடுத்து, துல்லியத்தை 1/8 என்று வையுங்கள். முடிந்தது கதை! அமெரிக்காக்காரன் வைத்த 1/8 அங்குலம்தான் நம்முடைய ஒரு நூல். 34 3/8 என்று திரையில் வந்தால் 34 அங்குலம் 3 நூல். எண்ணுக்கு முன்னால் அலைபோல ஒரு கோடு வந்தால் அந்த அளவு நூலுக்குச் சரியாக உட்காரவில்லை, தோராயம் என்று அர்த்தம்.

பிளைவுட்டின் கனத்தை மட்டும் மில்லிமீட்டரிலேயே விடுங்கள், கடையில் அப்படித்தான் விற்கிறார்கள். யூனிட் அங்குலத்தில் இருந்தாலும், 18 என்று தட்டி உடனே எம், எம் எழுத்துகளைச் சேர்த்தால் ஸ்கெட்ச்அப் புரிந்துகொள்ளும். 18 மி.மீ. பலகைக்கு இருபுறமும் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் கனம் 20 ஆகிவிடும். 36 அங்குல அலமாரியில் இரண்டு பக்கப் பலகைகளுக்கும் சேர்த்து வித்தியாசம் 4 மி.மீ., அதாவது ஒரு நூலுக்கும் மேல். மைக்காவைக் கணக்கில் சேர்க்காமல் எடுத்த லிஸ்டில் உள் தட்டு எதுவும் உள்ளே நுழையாது. சீவினால் நுழையும், ஆனால் தட்டு ஒவ்வொன்றையும் சீவ வேண்டும்.

அடுத்தது ரம்பம் தின்னும் மரம். இதைத்தான் புதியவர்கள் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஷீட்டின் அகலம் 48 அங்குலம், 16 அங்குலப் பலகை மூன்று வரும் என்று மனக்கணக்கு சொல்லும். மெஷின் பிளேடு ஒரு வெட்டுக்குச் சுமார் 3 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட ஒரு நூல் எடுத்துக்கொள்ளும். இரண்டு வெட்டு போனால் மூன்றாவது பலகை 15 அங்குலம் 6 நூல்தான். ஒரு சாண் அளவு கூட இல்லை, வெறும் 2 நூல் குறைந்ததற்காக இன்னொரு ஷீட் வாங்குவதா? மூன்றையும் 15 அங்குலம் 7 நூல் என்று வரைந்தால் ஒரே ஷீட்டில் அடங்கும். அலமாரியின் ஆழத்தில் ஒரு நூல் குறைந்ததை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. சாப்ட்வேரில் வெட்டுக் கனத்தைக் கேட்கும் கட்டத்தைப் பூஜ்யமாக விட்டீர்களானால் அது மனக்கணக்கையே அழகாகப் படம் போட்டுக் காட்டும்.

இன்னொன்று, ஷீட்டை வெட்ட ஆரம்பித்தால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை போக வேண்டும். நடுவில் நின்று திரும்புகிற மாதிரிப் படம் வந்தால் ஒதுக்கிவிடுங்கள். மரரேகை தெரியும் ஷீட் என்றால், துண்டைத் திருப்பிப் போடக்கூடாது என்று முன்பே குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு கதவில் ரேகை நின்றும் இன்னொரு கதவில் படுத்தும் இருக்கும்.

பிளைவுட்டில் இவ்வளவு சொல்லலாம். தேக்கு, வேம்பு, பழைய வீட்டைப் பிரித்து எடுத்த உத்திரம் என்று வந்தால் சாப்ட்வேரின் வாய் அடைத்துப் போகும். கணுவும் வெள்ளை மரமும் ஆணி ஓட்டையும் எங்கே இருக்கின்றன என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இங்கே அது உதவுவது கன அடிக் கணக்குக்கு மட்டும்தான். 5க்கு 3 அங்குலச் சட்டத்தில், 7 அடி இரண்டும் மூன்றரை அடி இரண்டுமாக ஒரு நிலை. மொத்த நீளம் 21 அடி. 5ஐ 3ஆல் பெருக்கி, 21ஆல் பெருக்கி, 144ஆல் வகுத்தால் சுமார் 2.19 கன அடி. கால்க்கில் ஒரு வரி ஃபார்முலா. கடைக்காரர் சொல்லும் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இழைத்த பிறகு இருக்க வேண்டிய கனத்தோடு இழைப்பில் போவதற்கு எவ்வளவு சேர்ப்பது என்பதை ஆசாரியைக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். தீப்பெட்டித் தொழிலால் பேர் வாங்கிய ஊர் கோவில்பட்டி. கட்டையிலிருந்து எத்தனை குச்சி தேறும் என்று பார்த்துப் பிழைக்கும் ஊருக்கு மரத்தில் வீணாவது என்னவென்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

லிஸ்டில் 'சைட் பேனல்', 'ஷெல்ஃப்' என்று சாப்ட்வேர் தரும் பெயர்களை மாற்றி, 'இடது பக்கப் பலகை', 'உள் தட்டு' என்று தமிழிலேயே கொடுங்கள். யூனிகோடு எழுத்தில் அடித்தால் போதும். கடைசியில் ஒரு காலம் வெற்றாக விடுங்கள், ஆசாரி பென்சிலால் திருத்துவதற்கு. அவர் திருத்தியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மறுபடி ஒருமுறை ஷீட் கணக்கு எடுத்த பிறகுதான் கடைக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் கடைக்கு ஒரு போன் போட்டு, 7க்கு 4, 6க்கு 4 அடி ஷீட்டும் இருக்கிறதா என்று கேட்டுக் கொள்ளுங்கள். இருந்தால் அந்த அளவுகளையும் சாப்ட்வேரில் கொடுத்துப் பாருங்கள், சில சமயம் 8 அடி ஷீட் ஒன்று குறையும்.