வேர் தேடும் பிள்ளைகளும் வேங்கிக்கால் ஆவணங்களும்

வளர்த்தோர் அன்பில் ஒரு குறையுமின்றி வளர்ந்த பிள்ளை, தன்னைப் பெற்றவள் எவள், தன் ஊர் எது, தன் காதில் முதலில் விழுந்த மொழி எது என்று தேடிப் புறப்படின், அதனை நன்றி மறத்தல் எனத் தூற்றுவார் உளர். வேரைத் தேடுவது நிழல் தந்த மரத்தை வெறுப்பதாகுமோ?

ஆத்திரேலிய முதுகுடி மக்களின் பிள்ளைகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1970 வரையில், அரசாலும் கிறித்துவ சமய மன்றங்களாலும் தாயரிடமிருந்து பறிக்கப்பட்டனர். விடுதிகளிலும் வெள்ளையர் இல்லங்களிலும் வளர்ந்த அவர்களுள் பலர், தம் தாய்மொழியைப் பேசியதற்காகவே ஒறுக்கப்பட்டனர். பிள்ளையை இனத்தினின்று பிரிக்க எண்ணியோர் முதலில் நாவைத்தான் கட்டினர் என்பதைத் தமிழர் ஊன்றி நோக்குதல் வேண்டும். இது பற்றிய உசாவல் அறிக்கை 1997-இல் வெளிவந்தது. 2008 பிப்பிரவரி 13-இல் தலைமை அமைச்சர் கெவின் இரட்டு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பிரிந்தோரை உறவினரோடு இணைக்கும் பணியை அம்மக்கள் 1980-இலேயே தொடங்கிவிட்டனர். அரசு வாய்திறக்க மேலும் இருபத்தெட்டாண்டுகள் ஆயின!

எங்கோ நடந்தது என்று வாளாவிருத்தற்கில்லை. இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து நெதர்லாந்து சென்ற பிள்ளைகளின் மகவேற்பில் பொய்யாவணங்களும் பிள்ளை விற்பனையும் இருந்தமையை, அந்நாட்டரசு அமர்த்திய குழுவே 2021 பிப்பிரவரியில் எடுத்துக்காட்டியது. சென்னையில் ஏழையர் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட பிள்ளைகள் பொய்யாவணங்களுடன் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டமை 2005-இல் வெளிப்பட்டது. அயல்நாட்டு மகவேற்புக்கு இந்திய உச்சநயன்மன்றம் 1984-இலேயே நெறிமுறை வகுத்திருந்தும் நேர்ந்த கொடுமை இது.

2022 செப்பட்டம்பர் முதல் மகவேற்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் வழக்குமன்றத்தினின்று மாவட்ட ஆட்சியர்க்கு மாறியுள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்திற்கு அவ்வலுவலகம் வேங்கிக்காலில் உள்ளது. அங்கு எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு பிள்ளையின் வழிகாட்டி. பிள்ளையின் பிறப்பூர் கீழ்ப்பென்னாத்தூர் என்று கொள்க. 'கீழ்' விடுபட்டால், வேலூரையடுத்த பென்னாத்தூரிலன்றோ அது அலையும்! ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதினாலோ, லகரமும் ளகரமும் ஒன்றாகும். குறிலும் நெடிலும் மயங்கும். தமிழர்க்குக் குடும்பப்பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். அயல்நாட்டு ஆவணத்தில் அத்தந்தை பெயர் குடும்பப்பெயராக மாறிவிட, இல்லாத ஒரு குடும்பத்தைத் தேடிப் பிள்ளை ஆண்டுகளை வீணாக்கும்.

சவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் நிலையை எண்ணுக. மலைவாழ்நர் என்பதே அப்பெயரின் பொருள். அவர் பேசுவது தமிழே. அம்மலைப் பிள்ளையின் ஆவணத்தில் 'மலையாளி' என்ற ஒரு சொல் மட்டும் இருப்பின், அறியாதார் அதனைக் கேரளத்திற்கே அனுப்பிவைப்பர்.

2022-ஆம் ஆண்டு மகவேற்பு ஒழுங்குமுறைகளின்படி, பதினெட்டு அகவை நிறைந்தவர் தம் வேர் பற்றித் தாமே கேட்கலாம். ஒப்படைத்த பெற்றோர் தம்மை வெளிப்படுத்த வேண்டா எனக் கூறியிருப்பின், அவர் இசைவு வேண்டும். இது முறையே. வறுமையாலோ ஊர்ப்பழிக்கு அஞ்சியோ பிள்ளையை ஈந்தவளை, அவள் விரும்பாதவிடத்தும் வாயிலில் நின்று அழைத்தல் கொடுமை. ஆயினும், தாய் பெயரை மறைத்துக்கொண்டே வட்டத்தையும் மொழியையும் சொல்லலாகும். அவற்றைத் தமிழ் எழுத்தில், ஊர்ப்பெயரின் முழுவடிவோடு, பிள்ளை கைமாறும் அன்றே எழுதிவைப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டா. ஆட்சியர் அலுவலகத்தின் ஓர் ஆணையே போதும்.